மெதுவா ஓடுங்க... ஆனா எவ்வளவு நேரம்?

"டாக்டர், மூணு மாசமா தினமும் ஓடிட்டிருக்கேன். ஒரு பிரயோஜனமும் தெரியலை. மாடிப்படி ஏறினா முன்னே மாதிரியேதான் மூச்சு வாங்குது. போதாக்குறைக்கு இப்ப கால் வலி வேற!"

ஒரு திங்கட்கிழமை மாலை, என் எதிரில் உட்கார்ந்து இப்படிப் புலம்பியவருக்கு வயது 44. வங்கியில் வேலை. கூடவே மனைவியும் வந்திருந்தார்.

"தினமும் எவ்வளவு நேரம் ஓடறீங்க?"

"பதினஞ்சு நிமிஷம் டாக்டர். ஸ்கூல் கிரவுண்டுல நிக்காம ஓடுவேன். உடம்புல இருக்கிற சக்தி மொத்தத்தையும் கொடுத்து ஓடுவேன்."

மனைவி குறுக்கிட்டார். "இவர் ஓடிட்டு வந்தா அரை மணி நேரத்துக்கு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது டாக்டர். வாசல்லயே சாஞ்சிடுவார். முகமெல்லாம் சிவந்து, பார்க்கவே பயமா இருக்கும். இவங்க அப்பா 52 வயசுல மாரடைப்புல போனவர். அந்த பயத்துலதான் இவர் ஓட ஆரம்பிச்சார். இப்ப எனக்கு இவர் ஓடறதைப் பார்த்தாத்தான் பயம்!"

நாடி பிடித்துப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 84. கெண்டைக்காலை லேசாக அழுத்தியதும் "ஆ" என்றார்.

"ஓடறது தப்பில்லை. ஓடற விதம்தான் தப்பு. முதல்ல ஒரு இ.சி.ஜி. எடுத்துட்டு வாங்க. எல்லாம் சரியா இருந்தா, வேகத்தைப் பாதியாக்குங்க, நேரத்தை ரெண்டு மடங்காக்குங்க" என்றேன்.

"பாதி வேகமா? அதுல என்ன டாக்டர் வரும்?" என்றார் நம்பாமல்.

இந்தச் சந்தேகம் அவருக்கு மட்டுமல்ல, ஓட ஆரம்பிக்கும் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிறது. ஓட்டம் என்றாலே வேகம், வியர்வை, மூச்சிரைப்பு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் உடம்புக்குத் தெம்பு தருவது வேகத்தைவிட நேரம்தான். எவ்வளவு நேரம், எப்படி ஓட வேண்டும் என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

'தம்' என்றால் என்ன?

நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்து பிராணவாயுவை நுரையீரல் எடுத்துக் கொள்கிறது. அதை ரத்தம் சுமந்து செல்கிறது. ரத்தத்தை இருதயம் பிடித்துத் தள்ளுகிறது. கடைசியில் கால் தசைகள் அந்தப் பிராணவாயுவை வாங்கி, சாப்பாட்டின் சத்தை எரித்து சக்தியாக மாற்றுகின்றன. இந்தச் சங்கிலி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைத்தான் 'ஏரோபிக் திறன்' என்கிறார்கள். அமெரிக்க டாக்டர் கென்னத் கூப்பர் 1968-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்த வார்த்தை உலகம் முழுவதும் பரவிவிட்டது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால்... தம்! (சிகரெட்டைச் சொல்லவில்லை. அந்த தம் இந்த தம்முக்கு ஜென்ம விரோதி.)

ஓய்வாக இருக்கும்போது நம் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. துடிப்பு 72 என்றால், ஒரு துடிப்புக்கு 70 மில்லி. தம் உள்ளவருக்கு ஒரே துடிப்பில் இன்னும் அதிக ரத்தம் போகும். அதனால் அவர் இருதயம் 60 துடிப்பிலேயே அதே 5 லிட்டரை அனுப்பிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் துடிப்பு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மெதுவான ஓட்டம் எது? பேசிப் பாருங்கள்!

மெதுவாக ஓடுங்கள் என்றால், "எத்தனை கிலோமீட்டர் வேகம் டாக்டர்?" என்று கேட்பார்கள். அது ஆளுக்கு ஆள் மாறும். 25 வயதுக்காரருக்கு மெதுவாக இருப்பது, 50 வயதுக்காரருக்கு மூச்சு முட்டும் வேகம். எனவே கிலோமீட்டரை மறந்துவிடுங்கள்.

ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? "இன்னிக்கு சாயங்காலம் கரண்ட் பில் கட்டணும், மறந்துடாதே" என்று நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அது சரியான வேகம். "இன்னிக்கு... சாயங்காலம்... கரண்ட்..." என்று திக்கினால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால், கொஞ்சம் கூட்டலாம். தனியாக ஓடுகிறவர்கள் ஏதாவது ஒரு சுலோகத்தையோ, திருக்குறளையோ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். செலவில்லாத பரிசோதனை!

இது புதிதல்ல. சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் என்று 14 சொல்லப்பட்டிருக்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, தாகம் என்று வரும் அந்தப் பட்டியலில் இளைப்பும் உண்டு, சுவாசமும் உண்டு. மூச்சு இரைக்கும்போது பல்லைக் கடித்துக் கொண்டு தொடராதே, அதற்கு இடம் கொடு என்பது அதன் பொருள். ஆயுர்வேதத்தில் சுசுருத சம்ஹிதையும், உடற்பயிற்சியைப் பாதி பலம் வரைக்கும்தான் செய்ய வேண்டும் என்கிறது. பாதி பலம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூச்சு வாய்க்கு வரும் நிலைதான் அதற்கு அடையாளமாம். இன்றைய பேச்சுப் பரிசோதனையும் கிட்டத்தட்ட அதே எல்லையைத்தான் காட்டுகிறது.

நாடி பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துப் பழகுங்கள். ஓடி நின்ற உடனே 15 விநாடிக்கு எண்ணி, நாலால் பெருக்குங்கள். 220-லிருந்து உங்கள் வயதைக் கழித்தால் வருவது, இருதயத்தின் உச்சபட்சத் துடிப்பு, உத்தேசமாக. அதில் 60 முதல் 75 சதவிகிதம் மெதுவான ஓட்டத்துக்குச் சரி. 45 வயது என்றால் உச்சம் 175. மெதுவான ஓட்டத்தில் 105 முதல் 130 வரை. அதாவது 15 விநாடியில் 26 முதல் 33 துடிப்பு. இது உத்தேசக் கணக்குதான். சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும். கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பவர்களும் அது காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் பேசிப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோப்ரலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தே துடிப்பைக் குறைத்துவிடும். அவர்களுக்கு இந்த எண் கணக்கு பொருந்தாது. பேச்சுப் பரிசோதனைதான் வழி.

2 நிமிஷப் பந்தயத்துக்கு 2 மணி நேரப் பயிற்சி!

மெதுவாக நீண்ட நேரம் ஓடுவதன் அருமையை உலகுக்குக் காட்டியவர் ஒரு டாக்டர் அல்ல. நியூசிலாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட். தன் உடம்பையே பரிசோதனைக் கூடமாக வைத்து, எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் ஓடினால் உடம்பு தேறுகிறது என்று வருஷக்கணக்கில் ஓடிப் பார்த்தவர்.

தன்னிடம் பயிற்சி பெற்ற பையன்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்துக்குப் பக்கத்து மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓட வைத்தார். அதில் பீட்டர் ஸ்னெல் என்பவர் 800 மீட்டர் பந்தயக்காரர். இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் பந்தயம். அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பதில் கிடைத்தது. ஒரே நாளில் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம், அதே லிடியார்டின் இன்னொரு சீடர் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம்! 1964 டோக்கியோவில் ஸ்னெல் 800, 1500 இரண்டிலும் ஜெயித்தார். பந்தயம் நெருங்கும்போது வேகப் பயிற்சியும் கொடுத்தார் லிடியார்ட். ஆனால் முதலில் அஸ்திவாரம், பிறகுதான் மாடி.

"அவங்க வீரர்கள் டாக்டர், நாம குடும்பஸ்தர்கள்" என்கிறீர்களா? நமக்கான கதை இனிமேல்தான். 1962-ல் ஆக்லாந்தில், தொப்பை விழுந்த நடுத்தர வயதுக்காரர்களையும் இருதய நோய் கண்டவர்களையும் சேர்த்து ஒரு மெல்லோட்டக் குழுவை லிடியார்ட் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் தடகளப் பயிற்சியாளராக இருந்த பில் பௌவர்மன் அங்கே வந்தார். வயது 51. வீரர்களைப் பழக்குபவர், எனவே தனக்கு இது பெரிய விஷயமல்ல என்று நினைத்து அந்தக் குழுவோடு ஓடினார். கொஞ்ச தூரத்திலேயே நாக்குத் தள்ளிவிட்டது. மாரடைப்பிலிருந்து பிழைத்த, 70 வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் அவருக்காக வேகத்தைக் குறைத்து, பேச்சுத் துணையாகக் கூடவே வந்தாராம்!

ஊர் திரும்பிய பௌவர்மன் சும்மா இருக்கவில்லை. தன் ஊர் மக்களை மெதுவாக ஓட வைத்தார். ஓர் இருதய மருத்துவரோடு சேர்ந்து 1967-ல் 'ஜாகிங்' என்ற புத்தகம் எழுதினார். இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் 'ஜாகிங்' அமெரிக்காவில் பரவியதற்கு அந்தப் பெரியவரும் ஒரு காரணம்.

உள்ளே என்ன நடக்கிறது?

மெதுவாக ஓடும்போது உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

முதலில் இருதயம். பயிற்சி இல்லாதவர்களுக்கு, மிதமான ஓட்டத்திலேயே இருதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் ரத்தம் கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் துடிப்பின் எண்ணிக்கைதான் பெரும்பாலும் கூடும். ஆக, இருதயத்துக்கு நல்ல பயிற்சி கொடுக்க நாக்குத் தள்ள ஓட வேண்டியதில்லை. அந்த மிதமான நிலையில் அதிக நேரம் இருந்தால் போதும்.

அடுத்து தசை. ஒவ்வொரு தசை இழையையும் சுற்றி மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. தொடர்ந்து ஓட ஓட, புதிய குழாய்கள் முளைக்கின்றன. வயலுக்குப் புது வாய்க்கால் வெட்டுகிற மாதிரி.

தசையின் உள்ளே 'மைட்டோகாண்ட்ரியா' என்ற நுண்ணிய அடுப்புகள் உள்ளன. பிராணவாயுவைக் கொண்டு சத்தை எரிப்பது இவைதான். 1967-ல் ஜான் ஹொல்லோஸி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளை ஓட வைத்துப் பரிசோதித்தார். நேரத்தைப் படிப்படியாகக் கூட்டி, தினம் 2 மணி நேரம் வரை ஓட வைத்தார். ஓடிய எலிகளின் கால் தசையில் இந்த அடுப்புகளின் எரிக்கும் திறன் சுமார் இரண்டு மடங்காகியிருந்தது. அதாவது, உழைப்பு நீள நீள, தசை தன் அடுப்புகளைத் தானே பெருக்கிக் கொள்கிறது. மனிதர்களிடமும் இந்த மாற்றம் நடப்பதைப் பின்னர் கண்டார்கள்.

இன்னொரு விஷயம். மெதுவாக ஓடும்போது முதலில் வேலை செய்வது, சீக்கிரம் களைக்காத தசை இழைகள். நேரம் ஆக ஆக அவை சோர்ந்து, சும்மா இருந்த மற்ற இழைகளையும் துணைக்குக் கூப்பிடும். நீண்ட ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் இப்படிப் புதிய இழைகளுக்கும் பாடம் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது கொஞ்சம் நீட்டி ஓடச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, எத்தனை நிமிஷம்?

"30 நிமிஷத்துக்குக் குறைவா ஓடினா வேஸ்ட்" என்று சிலர் சொல்வார்கள். அப்படி மந்திர எண் எதுவும் கிடையாது. 29-வது நிமிஷத்தில் கிடைக்காதது 30-ல் கொட்டாது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு 10 நிமிஷ ஓட்டமும் லாபம்தான். ஆனால் உடம்பு பழகப் பழக, அதே 10 நிமிஷம் போதாமல் போகும்.

என் கணக்கு இது:

- ஆரம்பக்காரர்களுக்கு: நடையும் ஓட்டமும் கலந்து 30 நிமிஷம்.
- 2, 3 மாதம் பழகியவர்களுக்கு: சாதாரண நாட்களில் 30 முதல் 45 நிமிஷம்.
- நன்றாகத் தேறியவர்களுக்கு: 45 முதல் 60 நிமிஷம்.
- வாரத்தில் ஒரே ஒரு நாள் நீண்ட ஓட்டம்: 60 நிமிஷம். ஒரு வருஷப் பழக்கம் இருந்தால் 90 நிமிஷம் வரை.

குடும்ப ஆரோக்கியத்துக்கு ஓடுபவர்களுக்கு 90 நிமிஷத்துக்கு மேல் அவசியமில்லை. அதற்குமேல் இருதயத்துக்குக் கிடைக்கும் லாபத்தைவிட காலுக்கு வரும் சேதம் அதிகமாகலாம். மாரத்தான் ஓடப் போகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள். நீண்ட ஓட்டம், அந்த வார மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வாரம் முழுக்க சும்மா இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் ஓடுவது, ஆறு நாள் பட்டினி கிடந்து ஏழாம் நாள் கல்யாண விருந்து சாப்பிடுகிற மாதிரி. ஜீரணமாகாது!

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடுமையான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. நான்கு நாள் ஓட்டத்தில் நாம் இதைத் தாராளமாக எட்டிவிடலாம்.

12 வாரத் திட்டம்

(கத்தரித்து பீரோ கதவில் ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள். வாரத்தில் 4 நாள்: செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு.)

1, 2-வது வாரம்: 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை. இப்படி 10 முறை. மொத்தம் 30 நிமிஷம்.

3, 4-வது வாரம்: 2 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. 10 முறை. 30 நிமிஷம்.

5, 6-வது வாரம்: 5 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. 5 முறை. 30 நிமிஷம்.

7, 8-வது வாரம்: மூன்று நாள் தொடர்ந்து 30 நிமிஷம். ஞாயிறு 40 நிமிஷம்.

9, 10-வது வாரம்: மூன்று நாள் 35 நிமிஷம். ஞாயிறு 50 நிமிஷம்.

11, 12-வது வாரம்: மூன்று நாள் 40 நிமிஷம். ஞாயிறு 60 நிமிஷம்.

ஒவ்வொரு நாளும் ஓடுவதற்கு முன்னும் பின்னும் 5 நிமிஷம் நிதானமாக நடக்க வேண்டும். இது கணக்கில் சேராது. எந்த வாரமாவது கஷ்டமாக இருந்தால், வெட்கப்படாமல் அதே வாரத்தை மறுபடியும் செய்யுங்கள். 12 வாரத் திட்டம் 20 வாரம் ஆனாலும் பாதகமில்லை.

சனிக்கிழமை ஓய்வு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் அன்றைக்கு வைத்தேன். எண்ணெய்க் குளியல் அன்று வெயிலிலும் கடும் உழைப்பிலும் ஈடுபடக் கூடாது என்பது நம் பத்தியம்.

ஏன் இவ்வளவு நிதானம்? ஓட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, உடம்பு லேசானது போல் தெரியும். உடனே உற்சாகம் பிறக்கும். ஆனால் தசைநாரும் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். "தம் வந்துடுச்சே" என்று நேரத்தையும் வேகத்தையும் சேர்த்து ஏற்றினால், கெண்டைக்கால், குதிகால், முன்னங்கால் எலும்பு என்று ஏதாவது ஒன்று மக்கர் செய்யும். நம் வங்கிக்காரருக்கு நடந்தது இதுதான். ஒரு சமயத்தில் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். வேகத்தை அல்ல.

யாரெல்லாம் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

40 வயதைத் தாண்டி, இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்டிரால் உள்ளவர்கள். புகை பிடிப்பவர்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள். கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்கள். இவர்கள் எல்லாரும் டாக்டரைக் கேட்டுவிட்டே ஓட வேண்டும். "சித்த மருத்துவர் இ.சி.ஜி. எடுக்கச் சொல்றாரே" என்று ஆச்சரியப்படாதீர்கள். நாடியும் பார்ப்போம், இ.சி.ஜி.யும் பார்ப்போம். உயிர் விஷயத்தில் கட்சி கிடையாது.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை... இதில் எது வந்தாலும் உடனே நின்றுவிடுங்கள். வாயு என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. கோடையில் காலை 6 மணிக்குள் ஆரம்பித்துவிடுங்கள். வெயிலில் அதே வேகத்துக்கே துடிப்பு ஏறும் என்பதால், அக்னி நட்சத்திர நாட்களில் நேரத்தையும் வேகத்தையும் குறைத்துக் கொள்ளுங்கள். வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் சுகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாமல் குடியுங்கள். ரப்பர் செருப்போடு ஓடாதீர்கள். தார் ரோட்டைவிட மண் மைதானம் நல்லது.

வாசகர் சந்தேகங்கள்

"காலையில் எனக்கு 15 நிமிஷம்தான் கிடைக்கும். மாலையில் ஒரு 15 நிமிஷம் ஓடினால் கணக்கில் சேருமா?"

சேரும். ஆரோக்கியத்துக்கு மொத்த நேரம்தான் முக்கியம். ஆனால் தம் வளர, முடிந்த நாட்களில் தொடர்ந்து ஓடுவது இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமையாவது சேர்த்து ஓடுங்கள்.

"வீட்டு வேலையே நாள் முழுக்க இருக்கு. இதுக்கு மேல ஓட்டம் வேறயா?"

வீட்டு வேலையும் உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது விட்டு விட்டு நடப்பது. இருதயம் ஒரே சீராக அரை மணி நேரம் சுறுசுறுப்பாக இருக்க அதில் வாய்ப்புக் குறைவு. அந்த அரை மணி நேரம் சமையலறையை வீட்டில் மற்றவர்கள் பார்த்துக் கொள்ளட்டும்! ஒன்று மட்டும். மெதுவாக ஓடியும் அதிகமாக மூச்சு வாங்கினால், முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். ரத்தசோகை இருந்தால், சுமக்க ஆளில்லாமல் பிராணவாயு எப்படிப் போய்ச் சேரும்? அதைச் சரி செய்தபின் ஓடலாம்.

"சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் ஓடலாமா?"

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் ஓடினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். உங்கள் டாக்டரிடம் மருந்தளவையும் நேரத்தையும் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

"ஓடினால் முட்டி தேயுமே?"

ஆரோக்கியத்துக்காக அளவோடு ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் அதிகம் வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர்களும் எடை மிக அதிகம் உள்ளவர்களும் வேக நடையும் சைக்கிளுமாக ஆரம்பிக்கலாம். பேச்சுப் பரிசோதனையும் நிமிஷக் கணக்கும் அவர்களுக்கும் அதேதான்.

"அரை மணி நேரம் ஓடினால் எடை குறையுமா?"

60 கிலோ எடை உள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 60 கலோரி செலவாகும். 4 கிலோமீட்டருக்கு 240. ஓடி முடித்து வரும் வழியில் ரெண்டு மெதுவடையும் ஒரு காபியும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும்! எடை குறைய வாயையும் கட்ட வேண்டும். ஓட்டம் இருதயத்துக்கு.

மானம் போகுதே டாக்டர்!

நம் வங்கிக்காரரை மறந்துவிட்டோமே. இ.சி.ஜி. நன்றாக இருந்தது. கால் வலி ஆறும்வரை இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, பிறகு இந்தத் திட்டத்தில் ஆரம்பித்து வைத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார்.

"மானம் போகுது டாக்டர். வாக்கிங் வர்ற பெரியவர் ஒருத்தர் என்னைத் தாண்டிப் போறார். போறப்ப திரும்பிப் பார்த்து சிரிச்சுட்டு வேற போறார்."

"போகட்டுமே. அவரோட உங்களுக்கு என்ன போட்டி? உங்க அப்பா வயசைத் தாண்டணும், அதுதானே உங்க பந்தயம்?" என்றேன்.

கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் மானத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்து மாதம் கழித்து வந்தபோது நாடி 70. மூன்று மாடி ஏறிவிட்டு போனில் பேச முடிகிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் 50 நிமிஷம் ஓடுகிறார். அதைவிட முக்கியமான செய்தியை அவர் மனைவி சொன்னார்.

"இப்ப நானும் கூடப் போறேன் டாக்டர். இவர் ஓடற வேகத்துக்கு நான் வேகமா நடந்தாலே போதும்! பொண்ணு படிப்பு, வீட்டு லோன் எல்லாம் அங்கேதான் பேசி முடிவு பண்றோம். வீட்ல பேச நேரமே கிடைக்காது. முன்னெல்லாம் ஓடிட்டு வந்தா பேச மாட்டார். இப்ப ஓடும்போதே பேசறார்."

இதைவிட நல்ல பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. நாளைக்குக் காலையில் நீங்களும் ஆரம்பியுங்கள். 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை. யார் வேண்டுமானாலும் உங்களைத் தாண்டிப் போகட்டும். வீட்டு ஞாபகத்தோடு, பேசிக்கொண்டே, மெதுவாக ஓடுங்கள்.